நீளமான கோடு எந்த விலையில்?



போன மாதம் சேமிப்புக் குழுவின் கணக்குப் புத்தகத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை பங்குச் சந்தை. முகத்தைச் சுளிக்காமல் கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள். நான் பல்கலைக்கழகத்தில் படித்தது சமூகவியல். பங்கு விலை பார்க்க அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. என்னை அதைப் படிக்க வைத்தது ஒரு டிரங்குப் பெட்டி.

பண்டாரவளைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓர் அக்கா இருக்கிறார். பெயர் வேண்டாம். கிளிநொச்சிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். 2009 இல் முள்ளிவாய்க்காலில் கணவரை இழந்து, மெனிக் பாம் முகாமில் கைக்குழந்தையோடு இருந்து, கடைசியில் அம்மாவின் லயத்துக்கே திரும்பி வந்தார். அம்மா காலமானபின் பெட்டியைத் திறந்து பார்த்தால், சேமலாப நிதிக் கடிதங்களுக்கு அடியில் இரண்டு பங்குப் பத்திரங்கள். அம்மா பெயரில் 180 பங்கு, அப்பா பெயரில் 180 பங்கு.

இது எப்படி வந்தது என்று பலர் கேட்கிறார்கள். 1975 இல் அரசுடைமையான பெருந்தோட்டங்களின் நிர்வாகம் 1992 இல் தனியாரிடம் கொடுக்கப்பட்டது. 1995 முதல் தோட்டக் கம்பனிகளின் பங்குகள் விற்கப்பட்டபோது நூற்றுக்குப் பத்துப் பங்கு தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. கொழுந்து பறித்த நம் தாய்மார்கள் அந்தத் தாளைக் கம்பனிக் கடிதம் என்று நினைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள். அது என்ன என்று நின்று விளங்கப்படுத்தியவர்கள் குறைவு. எனக்கு இன்றைக்கும் அதில் கோபந்தான்.

அக்கா என்னிடம் வந்த அன்று கேட்டது இதுதான்: "மிஸ், டவுனுல ஒருத்தர் பங்குக்குப் பத்து ரூவா தாரேங்கிறாரு. கையில காசு. சின்னவளுக்கு ஓ.எல். கிளாஸ் காசு கட்டணும். கொடுத்துரவா?"

360 பங்குக்கு 3,600 ரூபா. கொழும்புப் பங்குச் சந்தையில் அந்தப் பங்கு கடைசியாகக் கைமாறிய விலை 42 ரூபா என்று தெரிந்துகொண்டோம். அப்படியானால் 15,120 ரூபா! இரண்டு பேருக்கும் தலை சுற்றியது. ஆனால் பங்குத் தரகர் நிறுவனமொன்றில் வேலை செய்யும் ஒரு தம்பியிடம் தொலைபேசியில் கேட்டபோது, "அக்கா, கடைசி விலையை மட்டும் பார்க்காதீங்க. எந்த விலையில எவ்வளவு வித்திருக்குன்னு பாருங்க" என்றார். அதற்கு ஆங்கிலத்தில் 'வொல்யூம் பை பிரைஸ்' என்று பெயராம். நான் 'விலைவாரி அளவு' என்று சொல்லிக்கொள்கிறேன்.

சந்தையை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் ஒரு ஹோட்டல்காரர் அவசரத்துக்கு இரண்டு கிலோ போஞ்சியைக் கிலோ 400 ரூபாவுக்கு வாங்கிப் போகிறார். பிறகு நாள் முழுக்க மூட்டை மூட்டையாகப் போவது 250 ரூபாவுக்கு. மாலையில் மிஞ்சியது 150 ரூபாவுக்கு. உங்கள் தோட்டத்துப் போஞ்சியைக் கொண்டுபோகும்போது 400 ரூபாவை நம்பியா போவீர்கள்? பெருந்தொகை கைமாறியது எந்த விலையிலோ, அந்த விலையைத்தான் மனதில் வைத்துக்கொள்வீர்கள். தானியச் சந்தைக்குப் பேர்போன சிக்காகோவில் 1980களில் ஸ்டைடல்மேயர் என்ற வியாபாரி இதற்கு நெருங்கிய ஒரு முறையை வகுத்துக் கொடுத்தார். நம்ம சந்தைக் கிழவிகள் அதை அவருக்கு முன்பே வாய்க்கணக்காகச் செய்தவர்கள் என்பது என் எண்ணம்.

தம்பி சொல்லச் சொல்ல, சின்னவளின் சதுரக்கோட்டுக் கொப்பியில் ஆறு மாத வியாபாரத்தைக் கீறினோம். இடது ஓரத்தில் கீழிருந்து மேலாக விலை. ஒவ்வொரு விலைக்கும் நேரே, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பக்கவாட்டில் ஒரு கோடு. 30 முதல் 32 ரூபா வரை 4,000 பங்கு. 33 முதல் 35 வரை 41,000. 36 முதல் 38 வரை 6,000. 39க்கு மேலே எல்லாம் சேர்த்து 700 தான். அந்த 42 ரூபா, யாரோ ஒருவர் ஒரு நாள் கொஞ்சப் பங்கு வாங்கிய விலை. 33க்கும் 35க்கும் நடுவில் கோடு கொப்பியின் மறு ஓரத்தைத் தொட்டது.

பத்து ரூபாவுக்கு நேரே ஒரு புள்ளிகூட இல்லை.

அக்கா அந்த வெறும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

நீளமான கோடு இன்னுமொன்றையும் சொல்லும். அந்த விலைக்கு வந்தால் வாங்குவதற்கும் ஆள் உண்டு, விற்பதற்கும் ஆள் உண்டு. விலை மேலே இருந்து இறங்கி வரும்போது, முன்பு வாங்காமல் விட்டவர்கள் அங்கே கை நீட்டுவார்கள்; விலை கொஞ்சம் தாங்கி நிற்கும். விலை கீழே இருந்து ஏறும்போதோ, அங்கே வாங்கி நட்டப்பட்டவர்கள் "போட்ட காசு வந்தால் போதும்" என்று விற்பார்கள், விலை முட்டிக்கொள்ளும். யுத்தம் முடிந்தபின் கொழும்புச் சந்தையின் சுட்டெண், 2008 முடிவில் இருந்த 1,500 அளவிலிருந்து 2011 பெப்ரவரியில் 7,800 வரை ஏறியது. 2012 நடுப்பகுதியில் 5,000க்குக் கீழே இறங்கியது. உச்சியில் வாங்கியவர்கள் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். 2021 ஜனவரியில்தான் அந்தப் பழைய உச்சி தாண்டப்பட்டது.

ஆனால் கோட்டுக்குக் கண் இல்லை. நடந்து முடிந்த வியாபாரம் மட்டுமே அதில் இருக்கிறது. ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று வீசி, கொழுந்து நல்ல விலைக்குப் போகுமா என்று அதற்குத் தெரியாது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரென்று தடை செய்யப்பட்டபோது, அதற்கு முந்திய கோடுகளை வைத்து எதைச் சொல்லியிருக்க முடியும்? இன்னுமொன்று, வியாபாரம் குறைந்த பங்குகளில் ஒரே ஒருவர் மொத்தமாக வாங்கினாலும் கோடு நீண்டுவிடும். ஆகவே இதைக் காட்டி "தினமும் லாபம் எடுக்கலாம், காசு போடுங்கள்" என்று தொலைபேசியில் யாராவது அழைத்தால் நம்பாதீர்கள். கடன் வாங்கிச் செய்கிற வேலை இது இல்லவே இல்லை. கையில் ஏற்கெனவே இருக்கிற பங்கை யாரும் அடிமாட்டு விலைக்குத் தட்டிப் பறிக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் நான் இதைச் சொல்கிறேன்.

இடம்பெயர்ந்தபோது பத்திரம் தொலைந்துவிட்டதா? கம்பனியின் பங்குப் பதிவேட்டில் பெயர் இருக்கும். பெயர், தோட்டம், அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை எழுதிப் பதிவாளரிடம் கேளுங்கள். சத்தியக்கடதாசி கொடுத்துப் பிரதி எடுக்கலாம். அம்மா அப்பா இல்லையென்றால் மரணச் சான்றிதழும் வாரிசு ஆவணங்களும் வேண்டும். பெற்றோர் பெயர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருப்பதுதான் பெரிய தலைவலி. எங்களுக்கு அதற்கே ஏழு மாதம் போனது.

பத்து ரூபாக்காரர் இடையில் இருபது வரை ஏறி வந்தார். அக்கா கொப்பியைக் காட்டியிருக்கிறார். அதன்பிறகு அவர் லயத்துப் பக்கம் வரவில்லை.

பங்குகள் அக்காவின் பெயரில் கணக்குக்கு வந்ததும், பாதியை 36 ரூபாவுக்கு விற்கச் சொல்லி வைத்தோம். நீளமான கோட்டுக்கு ஒரு ரூபா மேலே. ஒன்பதாம் நாள் விற்றது. 6,480 ரூபா. தரகுச் செலவு நூற்றுக்கு ஒரு ரூபாவுக்குச் சற்று மேலே போனது. கிளாஸ் காசு கட்டியாயிற்று.

மற்றப் பாதி அப்படியே இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து விலை 33க்கும் கீழே விழுந்து 30இல் நின்றது. சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அக்கா கேட்டார்: "மிஸ், ஒங்க நீட்டுக் கோடு தாங்கலையே?" எல்லோரும் சிரித்தார்கள். தாங்கவில்லைதான் என்று ஒப்புக்கொண்டேன். மிச்சத்தையும் விற்றுவிடுவோமா என்று கேட்டதற்கு, "அது அம்மா பங்கு. கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றார்.