அடைத்தால் மட்டும் போதுமா?

கிடர்பூர் துறைமுகத்தில் சுமை தூக்குபவருக்கும் சரி, ஃபேன்சி மார்க்கெட் கடைக்காரருக்கும் சரி, சொத்தைப் பல்லை அடைத்து வலி போனால் போதும். எழுந்து கிளம்பிவிடுவார்கள். ஆனால் வேலை அதோடு முடிவதில்லை.

அடைப்பு சொரசொரப்பாக இருந்தால் டீக்கறையும் வெற்றிலைக்கறையும் ஏறும். கிருமிகள் தங்கும். ஓரத்தில் மீண்டும் சொத்தை விழலாம். சொரசொரப்பு 0.2 மைக்ரானைத் தாண்டினால் கிருமிகள் ஒட்டுவது அதிகரிக்கிறது என்றார்கள் பெல்ஜிய ஆய்வாளர்கள், 1997இல். மயிரிழையின் தடிமனில் இது சில நூறில் ஒரு பங்கு!

பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட்டை, அலுமினியம் ஆக்ஸைடு பூசிய வட்டுகளால் கரடில் தொடங்கி நயம்வரை படிப்படியாகத் தேய்க்க வேண்டும். ஒரு படியைத் தாண்டினாலும் முந்தைய கீறல் நின்றுவிடும். கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் வட்டு நுழையாது. அங்கே ரப்பர் முனையும் வைரத்தூள் பசையும்தான்.

வெள்ளி அடைப்பு இறுக 24 மணி நேரமாகும். அதனால் பாலிஷுக்கு மறுநாள் வரச் சொல்வார்கள். தினக்கூலிக்காரருக்கு அது இன்னொரு நாள் கூலி. பலர் வருவதில்லை.

டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920இல் தொடங்கிய, இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி இருப்பது இதே கல்கத்தாவில்தான். இன்று அது அரசுக் கல்லூரி.

நாற்காலியை விட்டு எழும் முன் அடைப்பை நாக்கால் தடவிப் பாருங்கள். உரசினால் டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான். பல்லின் ஆயுள் கூடும்.