வெண்புள்ளியும் முழுக்கைச் சட்டையும்

மூணாறு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளை கம்பளிச் சட்டை அணிந்திருந்தால் எவரும் வியந்து பார்ப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் நிலைமை வேறு. மார்ச்சு மாத வெயில் 40 பாகையை நெருங்கும் நாளில் மணிக்கட்டு வரை மூடிய சட்டையுடன் வரும் மாணவியை நான்கு பேராவது ஏனென்று கேட்பார்கள். முழங்கையில் தோன்றிய வெண்புள்ளியை மறைக்க நினைக்கும் பிள்ளைக்கு மலையில் குளிர் துணை நிற்கிறது. சமவெளியில் நாள்தோறும் ஒரு பொய் தேவைப்படுகிறது.

வெண்புள்ளி என்பது தோலில் நிறமி குறைவதால் ஏற்படும் மாற்றம். உடலின் எதிர்ப்பாற்றல், மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் செல்களையே பகையெனக் கருதித் தாக்குகிறது. உலகில் ஏறத்தாழ இருநூறு பேருக்கு ஒருவர் அல்லது இருவரிடம் இது காணப்படுகிறது. அவர்களுள் பாதிப்பேருக்கு இருபது வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தொடுவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, ஆடையைப் பகிர்வதாலோ பரவுவதில்லை. மீன் உண்டபின் பால் குடித்ததால் வந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கும் சான்று எதுவுமில்லை. அவ்வாறு சொல்லும்போது, குற்றம் தன்னுடையதுதான் போலும் என்று பிள்ளை எண்ணத் தொடங்குகிறது.

இந்த எண்ணத்தை வளர்ப்பதில் பெயருக்கும் பங்குண்டு. தமிழில் நெடுங்காலமாக இதனை 'வெண்குஷ்டம்' என்றே அழைத்தனர். குஷ்டம் என்றால் தொழுநோய். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வெண்புள்ளி உடையோரின் விழிப்புணர்வு இயக்கம் தொடர்ந்து வற்புறுத்தியதன் பயனாகத் தமிழ்நாட்டு அரசு 'வெண்புள்ளிகள்' என்னும் சொல்லை ஏற்றது. ஆனால் அரசாணை எல்லை தாண்டினாலும் பேச்சுவழக்கு அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. வாளையாற்றுக்கு இப்பால் வாழும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் பழைய சொல்லையும், கடைத்தெருவில் 'வெள்ளப்பாண்டு' என்னும் மலையாளச் சொல்லையும் சேர்த்தே கேட்கிறது. இத்தனைக்கும் தொழுநோயே இன்று கூட்டு மருந்துகளால் முழுமையாகக் குணமாகும் நோய். அதனை மணமுறிவுக்குரிய காரணமாக வைத்திருந்த சட்டப் பிரிவுகளை 2019-இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. சட்டம் கைவிட்ட அச்சத்தை ஒரு சொல் இன்னும் சுமந்து திரிகிறது.

இதில் வேடிக்கையான முரண் ஒன்று உண்டு. வெள்ளைத் தோலை இவ்வளவு விரும்பும் சமுதாயம், தோலில் தோன்றும் வெண்மையைக் கண்டு இவ்வளவு அஞ்சுகிறது. 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் முகப்பூச்சு 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. 2020-இல்தான் அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்னும் சொல் நீங்கியது. மணமகள் தேவை விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' இன்னும் நீங்கவில்லை. தோலை விலைப்பட்டியல் போல வாசிக்கப் பழகிய கண்களுக்கு முன்னால்தான் பதினைந்து வயதுப் பிள்ளை தன் கையை நீட்ட வேண்டியிருக்கிறது.

புகழ் பெற்றவர்களுக்கே இது எளிதாக இருந்ததில்லை. பாடகர் மைக்கேல் ஜாக்சன் தம் தோலை வேண்டுமென்றே வெளுக்க வைத்தார் என்று உலகம் பல ஆண்டுகள் ஏசியது. தமக்குத் தோல்நோய் இருப்பதை 1993-இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் அவர் கூறினார். பலர் நம்பவில்லை. 2009-இல் அவர் இறந்தபின் நடந்த உடற்கூறாய்வுதான் அதனை உறுதிசெய்தது. அவர் மறைந்த ஜூன் 25-ஆம் நாளே 2011 முதல் உலக வெண்புள்ளி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தமிழிலும் மலையாளத்திலும் நடித்த மம்தா மோகன்தாஸ், புற்றுநோயை எதிர்த்துப் போராடியவர். தம் நிறம் மாறி வருவதை 2023 ஜனவரியில் அவரே வெளிப்படையாக அறிவித்தார். கேரளத்து வீடுகளில் இதைப் பற்றி வாய்விட்டுப் பேச அது ஒரு வாய்ப்பாயிற்று.

இத்தகைய சான்றுகளைக் காட்டி, "அவர்கள் சொல்லவில்லையா, நீயும் துணிந்து சொல்" என்று பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுவோர் உண்டு. நல்லெண்ணத்தில் பிறந்த அறிவுரைதான், ஆயினும் முறையன்று. நடிகைக்கு வயதும் வருவாயும் பெயரும் துணை நின்றன. ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு இருப்பவை ஒரு வகுப்பறையும் ஒரு தெருவும் மட்டுமே. அக்காளின் திருமணப் பேச்சு முடியும் வரை வாய் திறக்கக் கூடாது என்று வீட்டார் கட்டளையிட்டிருக்கவும் கூடும். பார்ப்பவர்கள் தம் பார்வையை மாற்றிக்கொள்ளாமல் பார்க்கப்படுபவரிடம் வீரத்தை எதிர்பார்ப்பது நேர்மையாகாது. தன் உடலைப் பற்றி எவரிடம், எப்போது சொல்வது என்பது அப்பிள்ளையின் உரிமை.

ஆனால் மருத்துவரிடம் மறைப்பது மட்டும் வேறு கணக்கு. புதிதாகத் தோன்றிய புள்ளிகள் பூச்சு மருந்துக்கும் புறஊதாக் கதிர் சிகிச்சைக்கும் பழையவற்றைவிட நன்றாக இணங்குகின்றன. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர்க்குப் பயன்படும் ஒரு பூச்சு மருந்துக்கு அமெரிக்காவில் 2022-இல் ஒப்புதல் கிடைத்தது. எல்லார்க்கும் நிறம் முழுமையாகத் திரும்பும் என்று எந்த மருத்துவரும் உறுதி கூற மாட்டார். எனினும், ஊரார் கண்ணுக்கு அஞ்சித் தோல் மருத்துவரை நாடாமல், ஆளறியாத எண்ணெய்களைத் தடவிக் கழிக்கும் மாதங்கள் திரும்பி வாரா.

பள்ளிகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. கலைவிழாவுக்கான நடனக் குழுவில் சிவந்த முகங்களை முன்வரிசையிலும் மற்றவற்றைப் பின்வரிசையிலும் நிறுத்தும் வழக்கத்தைப் பிள்ளைகள் கவனிக்காமல் இல்லை. அடியெடுத்து ஆடத் தெரிந்தவரை முன்னால் நிறுத்தலாம். வெண்புள்ளி உள்ள இடம் வெயிலில் விரைவில் எரியும். ஆகவே முழுக்கைச் சட்டை அணிய விரும்பும் எந்த மாணவருக்கும், காரணம் கேளாமலும் கடிதம் கேளாமலும், சீருடை விதியில் இடமளிக்கலாம்.