எழுத்து என்பது எது? ஆய்வு நிரல்களில் தரவினக் குறிப்பின் தேவை

சொல்லடைவு, நிகழ்வெண் கணக்கீடு, அலகிடல் முதலிய பணிகளுக்குத் தமிழாய்வாளர்கள் பைத்தான் மொழியில் சிறு நிரல்களை எழுதிப் பயன்படுத்துகின்றனர். நிரல் தந்த எண்கள் ஆய்வேட்டில் அட்டவணைகளாக இடம்பெறுகின்றன. ஆயின், அவ்வெண்களைத் தந்த செயற்கூறு எத்தகைய தரவை எதிர்பார்த்தது, எதனைத் திருப்பித் தந்தது என்பவை குறிக்கப்படாமலே விடப்படுவதுண்டு. இக்குறை நிரலின் அழகு சார்ந்ததன்று. ஆய்வு முடிவின் உண்மை சார்ந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

'தமிழ்' என்னும் சொல்லைச் சான்றாகக் கொள்ளலாம். இலக்கண நோக்கில் இதில் 3 எழுத்துகள் உள்ளன. பைத்தானில் நீளம் காணும் 'லென்' என்னும் செயற்கூற்றுக்கு இதனைச் சரமாகத் தந்தால் 5 என்னும் விடை கிடைக்கும். இகரக் குறிக்கும் புள்ளிக்கும் ஒருங்குறியில் தனித்தனி இடம் இருப்பதே இதற்குக் காரணம். இதே சொல்லை யூடிஎஃப்-8 பைட்டுகளாகத் தந்தால் விடை 15 ஆகும். கட்டளைக் கலித்துறையின் அடியில் எழுத்தெண்ணும்போது ஒற்று நீக்கி எண்ணுவது மரபாதலின், அங்கு விடை 2. நான்கு விடைகளும் தத்தம் நோக்கில் சரியானவையே. எந்த நோக்கில் எண்ணப்பட்டது என்று கூறாத அட்டவணையே பிழையானது.

இக்கட்டுரையாளர் தம் முதல் முயற்சியில், சொற்பட்டியலை எதிர்பார்த்த செயற்கூறு ஒன்றுக்கு முழுப் பனுவலையும் ஒரே சரமாகத் தந்தார். நிரல் பிழை எதுவும் காட்டவில்லை. ஒவ்வொரு குறியையும் ஒரு சொல்லாகக் கொண்டு எண்ணி முடித்தது. அட்டவணையின் உச்சியில் புள்ளி நின்றமையாலேயே தவறு வெளிப்பட்டது. எல்லாத் தவறுகளும் இவ்வாறு கண்ணிற்படுவதில்லை. 'கொடை' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும், எகரக் குறி, கால் என இரு குறிகளாகவும் கணினியில் பதிய இயலும். திரையில் இரண்டும் ஒன்றே. நிகழ்வெண் பட்டியலிலோ இருவேறு சொற்கள்.

பைத்தான் 2015இல் வெளிவந்த 3.5ஆம் பதிப்பு முதல், உள்ளீட்டின் தரவினத்தையும் விடையின் தரவினத்தையும் செயற்கூற்றின் தலைப்பிலேயே குறிக்கச் சீரான முறை உள்ளது. நிரல் இயங்கும்போது இக்குறிப்புகள் தாமே தடையாக நிற்பதில்லை. படிப்பவர்க்கும் 'மைபை' போன்ற சோதனைக் கருவிகளுக்கும் அவை வழிகாட்டுகின்றன. மேற்கூறிய சரம்-பட்டியல் மயக்கத்தை இத்தகைய கருவி இயக்கத்திற்கு முன்பே சுட்டியிருக்கும்.

ஒருமுறை பயன்படும் சிறு நிரலுக்கு இத்துணை ஆவணம் மிகை எனச் சிலர் கருதலாம். நிரல் ஒருமுறை இயங்கினும் அதன் முடிவு மேற்கோளாகப் பலமுறை பயிலும் என்பது நினைக்கத்தக்கது. மேலும், 'சரம்' என்று இனத்தை மட்டும் குறிப்பதும் போதாது. செயப்படுபொருள் குன்றாவினை எனப் பெயரிடுவதோடு அமையாமல், அவ்வினை ஏற்கும் பொருள் யாதெனவும் ஆராய்வது இலக்கண மாணவர்க்குப் புதியதன்று. அதுபோலவே எண்ணலகு எழுத்தா, குறியா, பைட்டா என்பதும், ஒற்று எண்ணப்பட்டதா என்பதும், பனுவலின் குறியேற்றம் சீர்செய்யப்பட்டதா என்பதும் செயற்கூற்றின் விளக்கவுரையில் இடம்பெறுதல் வேண்டும்.

பாடலை மேற்கோள் காட்டுங்கால் பதிப்பைக் குறிக்க வேண்டும் என்பது நம் ஆய்வு நெறி. எண்ணை மேற்கோள் காட்டுங்கால் அதனைத் தந்த செயற்கூற்றின் உள்ளீடு, எண்ணலகு, வெளியீடு ஆகிய மூன்றையும் குறிப்பது அந்நெறியின் நீட்சியேயாகும். ஆய்விதழ்களும் நெறியாளர்களும் இதனைக் கட்டாயமாக்குதல் நலம்.