படத்துக்குள்ளேயே பேரை எழுதி வையுங்க

போன மாசம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தவறிட்டார். 71 வயசு, என்னைவிட மூணு வயசு மூத்தவர். எழவு விழுந்த அன்னிக்கு சாயங்காலம் அவர் மகள் வந்து நின்னுச்சு.

"சித்தப்பா, ஆதார் கார்டுல இருக்கற படம் அப்பா மாதிரியே இல்லீங்க. நீங்க எடுத்ததுல சிரிச்ச மாதிரி ஒண்ணு இருக்குமுங்களே?"

இருக்குதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். மாட்டுப் பொங்கலன்னிக்கு காளைக்குக் கொம்புல சாயம் பூசிட்டு, கையெல்லாம் செவப்பா நின்னு சிரிச்சார். நான்தான் எடுத்தேன். ஆனா கம்ப்யூட்டரைத் திறந்தா 38 ஆயிரம் படம். எல்லாத்துக்கும் கேமரா போட்ட நம்பர்தான் பேரு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தேடியும் கிடைக்கலை. கடைசியில ஆதார் படத்தையே பெருசாக்கித்தான் மாலை போட்டாங்க. நான் தேடின படம் நாலாம் நாள் கிடைச்சது, 2008-ங்கற ஃபோல்டர்ல. 2008-ல எங்கிட்ட அந்தக் கேமராவே கிடையாது!

கோயமுத்தூர்ல இருக்கற மச்சான் பையன்தான் போன்ல விளக்கினான். ஒவ்வொரு படத்துக்குள்ளேயும் அது எடுத்த தேதி, நேரம், கேமரா, லென்ஸ் எல்லாம் பதிவாகுது. இதுக்கு எக்ஸிஃப்னு பேரு. 1995-ல ஜப்பான்ல உருவான முறை. ஆனா கேமராவோட கடிகாரம் என்ன சொல்லுதோ அதைத்தான் அது எழுதும். பேட்டரியைக் கழட்டி ரொம்ப நாள் வெச்சிருந்தா கடிகாரம் பழைய தேதிக்குப் போயிரும். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

இதைச் சரி பண்ண ஒரு வழி இருக்கு. ஒரே ஒரு படத்தோட உண்மையான தேதி தெரிஞ்சா போதும். அண்ணன் படம் 2019 மாட்டுப் பொங்கல், அதாவது ஜனவரி 16. கேமரா சொன்னது 2008 ஜனவரி 3. வித்தியாசம் 11 வருசம், 13 நாள். கடிகாரம் மறுபடி மாறாத வரைக்கும் எல்லாப் படத்துக்கும் இதே வித்தியாசம்தான். எக்ஸிஃப்டூல்னு ஒரு இலவச மென்பொருள்ல இந்தக் கணக்கைச் சொன்னா, மொத்தப் படத்துக்கும் ஒரே தடவையில தேதியை நகர்த்திருது. பழைய படத்தையும் தனியா எடுத்து வைக்குது. ஆனாலும் முதல்ல ஒரு நகல் எடுத்துட்டுத்தான் கையை வெச்சேன். 68 வயசுல பயம் இருக்கத்தானே செய்யும்.

தேதி சரியாயிருச்சு. ஆனா பேரு? அதைக் கேமரா எழுதாது. முகத்தைப் பார்த்துப் போனே பிரிச்சுக் கொடுக்குதே மாமான்னு மச்சான் பையன் கேட்டான். பிரிக்குது, சரி. ஒரே முகத்தையெல்லாம் ஒண்ணா அடுக்குது. ஆனா அந்த முகம் யாருன்னு தெரிஞ்ச ஒருத்தர்தானே அதுக்குச் சொல்லணும்? எங்க ஊர்ல அப்படித் தெரிஞ்சவங்க வருசத்துக்கு ரெண்டு மூணு பேர் போயிட்டே இருக்காங்க. எங்கம்மா பெட்டியில இருக்கற கல்யாணப் போட்டோவுல பதினாலு பேர். நாலு பேரைத்தான் எனக்கு அடையாளம் தெரியும். பின்னாடி யாரோ பென்சில்ல எழுதி வெச்சதால அந்த நாலு பேராவது தெரியுது.

அந்தப் பென்சில் வேலையைத்தான் இப்ப கம்ப்யூட்டர்ல செய்யறேன். டிஜிகேம்னு ஒரு இலவச மென்பொருள். தினமும் சாயங்காலம் பால் கறந்து ஊத்திட்டு வந்து இருபது படத்துக்கு எழுதறேன்: யாரு, எந்த ஊரு, என்ன விசேஷம். தமிழ்லயே எழுதலாம். படத்துக்குள்ளேயே பதியுதான்னு மட்டும் பார்த்துக்கணும். சில ஆப்ல எழுதற குறிப்பு அந்த ஆப்போட கணக்குலயே நின்னுரும், படத்தைக் காப்பி பண்ணினா கூட வராது.

டவுன்ல இருக்கற உங்களுக்கு மூணு விஷயம் சொல்லணும். வாட்ஸ்அப்ல படமா அனுப்பினா உள்ளே இருக்கற விவரமெல்லாம் உதிர்ந்து போயிரும், டாக்குமென்டா அனுப்புங்க. பழைய ஆல்பத்தை ஸ்கேன் பண்ணினா ஸ்கேன் பண்ணின தேதிதான் விழும், எடுத்த வருசத்தை நீங்கதான் எழுதணும். வீடு, குழந்தைங்க, பறவைக் கூடு இதையெல்லாம் பொதுவுல போடும்போது இடக் குறிப்பை எடுத்துட்டுப் போடுங்க.

பொங்கலுக்கு ஊருக்கு வந்து ஆளுக்கு ஐநூறு படம் எடுக்கறீங்க. எடுங்க, வேண்டாங்கலை. ஆனா ஒரு சாயங்காலம் அப்பத்தா பக்கத்துல உக்காந்து, பழைய படத்தைக் காட்டி, "இது யாருங்க அப்பத்தா?"ன்னு கேட்டு எழுதிக்கிட்டுப் போங்க. புதுசா எடுக்கற ஐநூறைவிட அதுதான் அவசரம். கேமரா அடுத்த வருசமும் இருக்கும்.

அண்ணன் படத்துல அவர் பேரு, தோட்டத்துப் பேரு, தேதி எல்லாம் எழுதி அந்தப் புள்ளைக்கு அனுப்பிட்டேன், டாக்குமென்டாவே. வருசாப்தித் திதிக்கு அந்தப் படத்தையே வெச்சுக்கறோம்னு சொல்லியிருக்கு.