அக்கேடியர்களை மதம் காப்பாற்றியதா?

கனடா தேசத்தில் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் மெம்ராம்குக் என்பதாக ஒரு சிற்றூர் இருக்கின்றது. அங்குள்ளவர்களில் பெரும்பாலோர் அக்கேடியர் என்னும் பிரஞ்சு பாஷைக்காரர்கள், மதத்தால் கத்தோலிக்கர்கள். ஊர்ப் பெயரோ அவர்களுக்கு முன்னிருந்த மிக்மாக் என்னும் பூர்வகுடிகளுடையது. அந்தப் பூர்வகுடிகளுக்கும் பாதிரிமார் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் நிலத்தில் பெரும்பாகம் போய்விட்டது.

பிரிட்டிஷ் அரசனுக்கு நிபந்தனையின்றி விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தார்களென்று 1755 முதல் அக்கேடியர்களின் வீடுகளைக் கொளுத்தி, அவர்களைக் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். கடத்தினவர்களும் கிறிஸ்தவர்களே, கடத்தப்பட்டவர்களும் கிறிஸ்தவர்களே. தப்பியும் திரும்பியும் வந்தவர்கள் தங்கள் பாஷையோடு பிழைத்ததற்கு மாதாவின் கிருபையும் மதமுமே காரணம் என்று பக்தர்கள் சொல்லுகின்றார்கள். இதைச் சற்று பார்ப்போம்.

முதலாவது, அவர்களுக்கு ஆகாரம் கொடுத்தது எது? கடலோரச் சதுப்பு நிலத்தில் மண்கரை போட்டு, அடியில் மரக்குழாய் வைத்து, அதற்குள் ஒரு கதவைத் தொங்கவிட்டார்கள். கடல் வற்றும்போது வயல் தண்ணீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். கடல் ஏறும்போது உப்புநீரே அதை அழுத்தி மூடிவிடும். கடல் பெருக்கு உலகத்திலேயே மிக உயரமாக ஏறும் பண்டி விரிகுடாவில் செய்த வேலை இது. இதில் ஜெபத்துக்கு என்ன வேலை?

1864-ல் லெபேவர் என்னும் பாதிரி மெம்ராம்குக்கில் ஒரு கல்லூரி ஏற்படுத்தினார் என்பதை நாம் மறைக்கவில்லை. படிப்பு யார் கொடுத்தாலும் நல்லதுதான். ஆனால் 1881-ல் அதே இடத்தில் கூடிய மாநாடு தேசியத் திருநாளாக எதைப் பொறுக்கியது? மாதா உடலோடு மோட்சம் போனதாகச் சொல்லப்படும் ஆகஸ்டு 15-ந் தேதியை! 1884-ல் மிஸ்கூஷ் மாநாட்டில் தேசிய கீதம் ஏற்படுத்தினார்கள். பிரஞ்சைக் காப்பாற்றப் புறப்பட்டவர்களின் கீதம் லத்தீன் பாஷையில்!

சரி, இவ்வளவு பக்திக்கும் மேற்றிராணியார்கள் என்ன கைம்மாறு செய்தார்கள்? செயின்ட் லூயி என்னும் ஊரில் ரிஷார் என்ற அக்கேடியப் பாதிரி நடத்திய கல்லூரியில் பிரஞ்சு மிஞ்சிவிட்டதென்று 1882-ல் ராஜர்ஸ் என்னும் ஐரிஷ்கார மேற்றிராணியார் அதை மூடச் செய்தார். ஒரே மதம், ஒரே பூசை, ஒரே போப்பு! அக்கேடியர் ஒருவர் மேற்றிராணியாராவதற்கு 1912 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பிறகு 1960-ல் ராபிஷோ என்னும் அக்கேடியர் ஜனங்களின் ஓட்டினால் மாகாணப் பிரதம மந்திரியானார். 1969-ல் அவர் சர்க்கார் ஆங்கிலத்தோடு பிரஞ்சையும் சர்க்கார் பாஷையாக்கச் சட்டம் கொண்டுவந்தது. சட்டசபையில் அதற்குச் சம்மதித்தவர்களில் புராட்டஸ்டண்டு ஆங்கிலேயர்களும் இருந்தார்கள்.