லைசென்ஸ் யாருக்கு? சிறை யாருக்கு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நம் சங்கத்து அறைக்கு ஒரு தாய் வந்தார். ஜாதவ்பூர் ரயில் பாதையோரக் குடியிருப்பில் இருப்பவர். இருபது வருஷமாக இட்லி சுட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். கையில் இங்கிலீஷில் அச்சடித்த சில காகிதங்கள். "இதில என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்கண்ணே" என்றார். படித்துப் பார்த்தோம். அவர் மகன் மீது போட்டிருக்கும் குற்றப்பத்திரிகையின் நகல் அது.

பையனுக்கு இருபத்திரண்டு வயது. கொத்தனாருக்குச் சித்தாள் வேலை. பொங்கலுக்கு ஊருக்குப் போக முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறியிருக்கிறான். வழியில் ஒரு ஸ்டேஷனில் யாரோ ஒருவன் சாக்குப் பை ஒன்றை ஸீட்டுக்கு அடியில் தள்ளி, "சென்னை வரை பார்த்துக்கொள், இறக்குகிறவன் 2,000 ரூபாய் தருவான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான். சென்னை வருவதற்கு முன்பே சோதனை வந்தது. பைக்குள் கஞ்சா. எடை 21 கிலோ என்று எழுதியிருக்கிறது. பையைக் கொடுத்தவன் குற்றப்பத்திரிகையில் 'அடையாளம் தெரியாத நபர்'. அவனைத் தேடியதாக ஒரு வரி இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் ஊரில் கேட்பார்கள். இங்கே அம்பு மட்டும்தான் அகப்பட்டிருக்கிறது, அதற்குத்தான் ஜெயில்.

"கஞ்சா கடத்தினவனுக்காக சங்கம் ஏன் அலைய வேண்டும்?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். தாகுரியாவிலிருந்து பாகாஜதீன் வரை பாதையோரத்தில் இந்தப் புகையால் படிப்பைத் தொலைத்த பிள்ளைகளை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வளரும் வயதில் இது மூளையைக் கெடுக்கும் என்பதில் வைத்தியர்களுக்குள் தகராறு இல்லை. கஞ்சாவுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. நாம் கேட்பது வேறு. ஒரே செடி, ஒருவனுக்கு அது தொழில், இன்னொருவனுக்குப் பத்து வருஷம். இந்தக் கோட்டைப் போட்டது யார், எப்படிப் போட்டார்கள்?

முதலில் அந்த 21 கிலோவை எடுத்துக்கொள்வோம். 1985-ல் வந்த போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தில், அதாவது கோர்ட்டில் எல்லோரும் சொல்லும் என்.டி.பி.எஸ். சட்டத்தில், எடைதான் தலையெழுத்து. கஞ்சா 1 கிலோ வரை 'சிறிய அளவு': ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல், 20 கிலோ வரைக்கும் பத்து வருஷம் வரை சிறை. ஆறு மாதமும் ஆகலாம்; நீதிபதியின் கையில் இருக்கிறது. 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு'. அப்போது குறைந்தபட்சமே பத்து வருஷம்; இருபது வரை போகலாம். அதோடு குறைந்தது ஒரு லட்சம் அபராதம். ஜாமீனும் எளிதில் கிடைக்காது. 37-வது ஷரத்துப்படி, இவன் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான ஆதாரம் உண்டென்று விசாரணைக்கு முன்பே நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். 35-வது ஷரத்து அதையும் மிஞ்சியது. பையில் என்ன இருந்தது என்பது உனக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்றால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நீதான் நிரூபிக்க வேண்டும். திருடனுக்குக்கூட இந்தச் சுமை கிடையாது.

ஆக, பையனின் பத்து வருஷம் கடைசி ஒரு கிலோவில் தொங்குகிறது. ரயில்வேயில் காகிதம் எழுதிப் பிழைக்கிறவர்கள் நாம். மொத்த எடை வேறு, உள்ளே இருக்கும் சரக்கின் எடை வேறு என்பது பார்சல் ஆபீஸில் ஒரு வாரம் உட்கார்ந்தவனுக்கும் தெரியும். சாக்கு, அதற்குள் பிளாஸ்டிக் உறை, சுற்றிய டேப் இவற்றையெல்லாம் கழித்தா 21 கிலோ? காகிதத்தில் பதில் இல்லை. இன்னொன்றும் உண்டு. சட்டத்தின் கணக்கில் கஞ்சா என்பது செடியின் பூவும் காயுமான நுனிப் பகுதி. நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகாது என்று சட்டமே சொல்கிறது. வங்காளிகள் விஜயதசமியன்று 'சித்தி' என்று அரைத்துக் குடிக்கும் பாங்கு இந்தச் சட்டத்துக்குள் வராததும், காசியிலும் ஜெய்சல்மேரிலும் அனுமதி பெற்ற பாங்குக் கடைகள் நடப்பதும் இதனால்தான். அப்படியானால் பையனின் சாக்கில் நுனி எவ்வளவு, தண்டும் சருகும் எவ்வளவு? பிரித்து எடை போட்டார்களா? இதில் எல்லா நீதிமன்றங்களும் ஒரே மாதிரி தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனாலும் வக்கீல் கேட்டே தீரவேண்டிய கேள்வி இது. அந்தத் தாய்க்குக் கிடைத்த முதல் வக்கீல் இதைக் கேட்கவே இல்லை.

இந்தச் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. இதன் கதையில் பாதி நாம் வாழும் இந்தக் கல்கத்தாவில் நடந்தது. 1839-ல் இங்கே மெடிக்கல் காலேஜில் இருந்த ஓஷாக்னெஸி என்ற டாக்டர்தான் கஞ்சாவை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அது வலிக்கும் இழுப்புக்கும் மருந்தாகும் என்று ஐரோப்பாவுக்கு எழுதினார். (நம் ஜாதவ்பூர் வழியாக டைமண்ட் ஹார்பருக்கு லோக்கல் வண்டி போகிறதே, அந்த ஊருக்குக் கல்கத்தாவிலிருந்து முதல் தந்திக் கம்பி இழுத்தவரும் இதே டாக்டர்தான்.) நம் சித்த வைத்தியர்களுக்கு இது அதற்கு வெகு முன்பே தெரியும் என்பது வேறு விஷயம்.

பிறகு 1893. கஞ்சாவால் இந்தியாவில் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகள் நிரம்புகின்றன என்று லண்டன் பார்லிமெண்டில் கேள்வி எழும்பியது. விசாரிக்க ஏழு பேர் கொண்ட ஒரு கமிஷன் போட்டார்கள். அதில் மூன்று பேர் இந்தியர். 1,193 சாட்சிகளை விசாரித்து 1894-ல் அறிக்கை கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிப் பதிவேடுகளையும் புரட்டினார்கள். ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும் படிவத்தில் 'பைத்தியத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம். அதை நிரப்ப வேண்டுமே என்று, விசாரிக்காமலேயே 'கஞ்சா' என்று எழுதி வைத்திருந்தார்கள் போலீஸார்! குமாஸ்தாக்களான நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கட்டம் காலியாக இருந்தால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும், எழுதிவிட்டால் வராது. மிதமாக உபயோகிப்பவருக்குப் பெரிய தீங்கில்லை, மிதமிஞ்சினால் கெடுதல், அடியோடு தடை செய்ய வேண்டாம், லைசென்ஸும் வரியும் போட்டுக் கட்டுப்படுத்துங்கள் என்பதுதான் கமிஷனின் முடிவு.

வெள்ளைக்காரனுக்கு அது ரொம்ப சௌகரியமான முடிவு. வரி வருகிறதே! வங்காளத்தில் அப்போது கஞ்சா பயிரிட அனுமதி இருந்தது நவகாவ் சுற்று வட்டாரத்தில் மட்டும்தான். ராஜ்ஷாஹி, தினாஜ்பூர், போக்ரா ஜில்லாக்கள் சந்திக்கும் இடம் அது. இன்றைக்கு வங்கதேசத்தில் இருக்கிறது. விளைந்ததையெல்லாம் சர்க்கார் பூட்டுப் போட்ட கிடங்கில் வைத்து, தீர்வை கட்டிய பிறகுதான் எடுக்க முடியும். 1909-ல் வந்த வங்காள எக்சைஸ் சட்டமும் இதே வழியில்தான் போனது. ஆனால் 1917-ல் அங்கே ஒரு நல்ல காரியம் நடந்தது. பயிரிடும் குடியானவர்கள் வியாபாரிகளின் பிடியிலிருந்து விலகித் தாங்களே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். லாபத்தில் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், தர்ம ஆஸ்பத்திரி நடத்தினார்கள், பாலமும் ரோடும் போட்டார்கள். தேசப் பிரிவினைக்குப் பிறகும் அது நடந்தது. 1987-ல்தான் வங்கதேச சர்க்கார் பயிரையே நிறுத்தியது. கஞ்சாப் பணத்தில் பள்ளிக்கூடமா என்று முகம் சுளிப்பவர்கள், தமிழ்நாட்டில் 2003 முதல் சாராயக் கடையைச் சர்க்காரே நடத்துவதையும் அந்தப் பணம் எங்கே போகிறது என்பதையும் ஒரு நிமிஷம் யோசிக்கட்டும்.

இந்தியாவில் கதவு சாத்தப்பட்டது 1985-ல். 1961-ல் ஐக்கிய நாடுகள் சபையில் செய்த போதைப்பொருள் ஒப்பந்தத்தில் நம் சர்க்கார் கையெழுத்திட்டிருந்தது. பழைய பழக்கத்தை நிறுத்தக் கொடுத்த தவணை இருபத்தைந்து வருஷம். அது முடியும் நேரத்தில், 1985 ஆகஸ்டில் மசோதா வந்தது, செப்டம்பரில் ஜனாதிபதி கையெழுத்திட்டார், நவம்பர் 14-ல் அமலுக்கு வந்தது. நாட்டுமக்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு பின்வாசல் வைத்தார்கள். வைத்தியத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் என்றால் கஞ்சா பயிரிட, விற்க மாநில சர்க்கார் அனுமதி தரலாம் என்று 10-வது ஷரத்து சொல்கிறது. நாருக்கும் விதைக்கும் என்றால் 14-வது ஷரத்து. இந்தப் பின்வாசலில் இப்போது கூட்டம் சேருகிறது. உத்தராகண்ட் 2018-ல் நார்ச் சணலாகப் பயிரிட லைசென்ஸ் கொடுக்க ஆரம்பித்தது. போதைச் சத்து 0.3 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. இமாசலப் பிரதேச சட்டசபை 2024-ல் இதற்கான கமிட்டி அறிக்கையை ஏற்றது. 2021 நவம்பரில் இதன் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்கலாம் என்று மத்திய உணவுத் தர ஆணையம் அறிவித்தது. 2020 டிசம்பரில் ஐ.நா. ஓட்டெடுப்பில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்க 27 நாடுகள் ஆதரவு, 25 எதிர்ப்பு. ஆதரித்தவற்றில் இந்தியாவும் ஒன்று. ஐ.நா.வில் ஒரு கை தூக்கிவிட்டு, ஊரில் சித்தாளைப் பத்து வருஷம் பூட்டுகிறோம்!

வெளிநாட்டைப் பார்ப்போம். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் இது சட்டப்படி விற்பனை. மத்திய சர்க்கார் ஒரு வீட்டுக்கு நாலு செடி என்றது. க்யூபெக் மாகாணம் ஒரு செடியும் கூடாது என்றது. ஒண்டாரியோ மாகாணம் கடை வைப்பதை ஊராட்சிகளின் முடிவுக்கு விட்டது. நம் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக இருக்கும் மார்க்கம் நகரசபை 2018 டிசம்பரில் 'எங்கள் ஊரில் கடை வேண்டாம்' என்று தீர்மானித்தது. ஊர்க்காரர்களிடம் கேட்டுச் செய்வது என்பது இதுதான். அதோடு நில்லாமல், முன்பு கையில் கொஞ்சம் வைத்திருந்ததற்காகத் தண்டனை பெற்றவர்கள் கட்டணமின்றி மன்னிப்புக் கோர 2019-ல் தனிச் சட்டமும் போட்டார்கள். தாய்லாந்தில் நடந்தது நேர் எதிர். 2022 ஜூனில் ஒழுங்குமுறைச் சட்டம் இல்லாமலே தடையை நீக்கினார்கள், தெருவெல்லாம் கடை. 2025 ஜூனில் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பின்வாங்கினார்கள். கடன் வாங்கிச் செடி வைத்த சிறு விவசாயி என்ன ஆனான் என்று கேட்பாரில்லை.

நம் நாட்டில் லைசென்ஸ் வரும்போது அது யார் கைக்குப் போகும்? ஒடிசாவின் மல்கான்கிரி, கோராபுட் மலைகளிலும் ஆந்திராவின் விசாகப்பட்டினம் மலைப்பகுதியிலும் ஆதிவாசிகள் இடைத்தரகனுக்காகப் பயிரிட்டு, வருஷா வருஷம் போலீஸ் வந்து வெட்டி எரிப்பதைப் பார்க்கிறார்கள். ஒரு செடி வளர்த்தாலும் பத்து வருஷம் வரை சிறை என்கிறது சட்டம். கம்பெனிக்கு லைசென்ஸ், ஆதிவாசிக்கு அரிவாள், சித்தாளுக்கு விலங்கு என்ற பங்கீட்டை நாம் ஏற்க முடியாது. லைசென்ஸ் கொடுப்பதானால் நவகாவ் குடியானவர்களைப் போலக் கூட்டுறவாகச் சேரும் சிறு விவசாயிகளுக்கு முதலில் கொடு. உறையும் தண்டும் நீக்கி எடை போடு. சுமப்பவனையும் சரக்குக்குச் சொந்தக்காரனையும் ஒரே தராசில் நிறுத்தாதே. இவைதான் நம் கோரிக்கைகள்.

சட்டம் மாறும் வரை நம் வீடுகளில் செய்ய வேண்டியது உண்டு. ஹௌராவிலோ ஷாலிமாரிலோ வண்டி ஏறும் பிள்ளைகளிடம், முன்பின் தெரியாதவன் பையைத் தொடாதே, ஸீட்டுக்கு அடியில் உனக்குச் சொந்தமில்லாத பை இருந்தால் உடனே 139-க்குப் போன் செய் என்று தாய்மார்கள் சொல்லி அனுப்ப வேண்டும். உடம்பைச் சோதனை போட வந்தால், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதனை போடும்படி கேட்க 50-வது ஷரத்து உரிமை தருகிறது. கையில் இருக்கும் பைக்கு அந்த உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பிடிபட்ட சரக்கின் மாதிரி மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுக்கப்பட்டதா என்று வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. 15100-க்குப் போன் செய்யலாம். வீட்டில் பிள்ளை புகைக்கிறான் என்று தெரிந்தால் மறைக்காதீர்கள். சிறிய அளவில் வழக்கு வந்தாலும், தானாக முன்வந்து சர்க்கார் ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குச் சேரும் அடிமைப்பட்டவரை 64-ஏ ஷரத்து வழக்கிலிருந்து காக்கும்.

பையனுக்கு இப்போது இலவச சட்ட உதவியில் வேறு வக்கீல் கிடைத்திருக்கிறார். எடை விஷயத்தை வைத்து ஜாமீன் மனு போடப் போகிறார். அந்தத் தாய் வாய்தாவுக்குப் போய்வர வண்டிச் செலவுக்கு சங்கத்தில் ஒரு உண்டியல் வைத்திருக்கிறோம். மேலே சொன்ன கோரிக்கைகளை எழுதிய மனுவும் பக்கத்தில் இருக்கிறது. ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வந்து கையெழுத்துப் போடலாம். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்க மை இருக்கிறது.