பூனைக்கும் ஒரு விலாசம்

பூனைக்கு எதற்கு ரிஜிஸ்தர் என்று கேட்பவர்கள் நம்மில் நிறையப் பேர். "மனுஷனுக்கே ஆதார் கார்டு திருத்தி மாளவில்லை, இதில் பூனைக்கு வேறா?" என்று சங்கத்தில் ஒரு நண்பர் சிரித்தார். அவர் சிரிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பூனையும் கையுமாக வெளிநாட்டுக்குக் குடிபோகும் நம் பிள்ளைகளுக்கு அந்தச் சிரிப்பு உதவாது என்பது என் கட்சி. இங்கிருந்து போகும்போதும் சரி, அங்கே போய் இறங்கிய பிறகும் சரி, அந்தப் பதிவு வேலையை முழுதாக முடிக்கத்தான் வேண்டும்.

என் மகளும் மாப்பிள்ளையும் 2024 கடைசியில் மயூர் விஹாரிலிருந்து இங்கிலாந்தில் ரெடிங் நகருக்குப் போனார்கள். மாடிப்படிக்குக் கீழே பிறந்து அவர்கள் வீட்டிலேயே வளர்ந்த சுண்டுவும் கூடப் போயிற்று. பிறகு நானும் போய் மூன்று மாதம் தங்கியிருந்தேன். வேறு வேலை இல்லாததால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் துருவிப் பார்த்தேன்.

இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல், இருபது வாரம் நிரம்பிய எந்த வளர்ப்புப் பூனைக்கும் மைக்ரோசிப் கட்டாயம். வாசற்படி தாண்டாத பூனையானாலும் விலக்கில்லை. நாய்களுக்கு இது 2016 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. சிப் இல்லாதது தெரியவந்தால் 21 நாள் அவகாசம்; அதற்குள் போடாவிட்டால் 500 பவுண்டு வரை அபராதம். யாரும் வளர்க்காமல் பண்ணைகளில் தானாகத் திரியும் பூனைகளைச் சட்டம் தொடவில்லை. இந்தச் சட்டம் இங்கிலாந்துக்கு மட்டும்தான். ஸ்காட்லாந்தும் வேல்ஸும் இதில் சேரவில்லை.

சிப் என்பது ஓர் அரிசி மணி அளவுதான். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் செலுத்திவிடுகிறார்கள். பாட்டரி கிடையாது. ஸ்கேனரைக் கிட்டே கொண்டுபோனால் மட்டும் விழித்துக்கொண்டு 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பூனை எங்கே திரிகிறது என்று செல்போனில் காட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், காட்டாது. யாருடைய பூனை என்பதுகூட அதில் இல்லை. அது வேறோர் இடத்தில், ஒரு பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் கேட்பது உரிமையாளர் பெயரையும் அல்ல, 'வைத்துக் காப்பவர்' பெயரை. பூனை வளர்த்தவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருத்தம் உடனே புரியும்.

நம்மவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். தில்லியில் போட்ட சிப், சர்வதேசத் தரத்தில் இருந்தால், இங்கிலாந்து ஸ்கேனரிலும் எண்ணைக் காட்டும். ஆனால் அந்த எண்ணை அந்த நாட்டுப் பதிவேட்டில் ஏற்றாவிட்டால் அது ஊர் பெயர் எழுதாத கவர் மாதிரி. ஏற்றிய பிறகு வீடு மாறி, விலாசத்தை மாற்றாவிட்டாலும் அதே கதிதான்.

என் மகள் தெருவில் ஒரு திருச்சிக் குடும்பம். ஸ்லவ் நகரிலிருந்து வீடு மாறி வந்தவர்கள். புது வீட்டில் மூன்றாம் வாரம் அவர்கள் பூனை வெளியே போனது, திரும்பவில்லை. யாரோ நல்ல மனுஷர் எடுத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோயிருக்கிறார். ஸ்கேன் செய்தார்கள், எண் வந்தது, பெயரும் வந்தது. அதிலிருந்த டெலிபோன் நம்பரை அவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள். விலாசமோ பழைய வீடு. பழைய வீட்டுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. அந்த வீட்டுப் பெண் குழந்தை தானே படம் வரைந்து கம்பத்துக்குக் கம்பம் ஒட்டியதால் பதினேழாம் நாள் தகவல் கிடைத்தது. நாலு மைல் தள்ளி ஒரு காப்பகத்தில் இருந்தது. அடுத்த வாரம் வேறு வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்தார்களாம். அந்தப் பதினேழு நாளும் அந்தக் குழந்தை இருந்த இருப்பை என் மகள் சொல்லிக் கேட்டேன். இங்கே எழுத மனம் வரவில்லை.

தில்லிக்கு மாற்றலாகி வந்த நமக்கு இது புதிதா என்ன? ரேஷன் கார்டு, காஸ் கனெக்‌ஷன், பிள்ளைகளின் டி.சி., பாங்க் பாஸ்புக் என்று ஒவ்வொன்றுக்கும் எத்தனை நடை நடந்திருக்கிறோம். விலாசம் மாற்றாத சிலிண்டர் பழைய வீட்டு வாசலில் போய் நின்றதைப் பார்த்தவர்கள் நாம். ஊர் மாறும் குடும்பத்துக்குக் காகிதம்தான் கை கால். பூனை நம்மோடு ஊர் மாறினால் அதற்கும் அந்தக் காகிதம் வேண்டியிருக்கிறது. நாமாவது வாய் விட்டு விலாசம் சொல்லுவோம், அது சொல்லாது.

பிரிட்டன் ஏற்பாட்டிலும் குறை உண்டு. ஒரே பதிவேடு என்று வைக்காமல் தனித்தனியாக இருபதுக்கும் மேல் வைத்திருக்கிறார்கள். எந்த எண் எதில் இருக்கிறது என்று வைத்தியர் தேட வேண்டும். சிலர் விலாசம் மாற்றக் கட்டணமும் கேட்கிறார்கள். கட்டாயம் என்று சொல்லும் அரசு, ஒரே பதிவேடாக, இலவசமாக வைத்தால் என்ன?

சிங்கப்பூரில் கதை வேறு. அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் 1989 முதல் பூனைக்குத் தடை. 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்கு இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம். உரிமமும் சிப்பும் வேண்டும். ஏற்கெனவே வளர்ப்பவர்களுக்கு 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். ஒளித்து வளர்த்த பூனை தொலைந்தால் வாய் திறந்து தேட முடியுமா? பதிவு வந்ததால்தான் அந்த வீடுகளில் பூனை பகிரங்கமாக ஜன்னலில் உட்கார முடிகிறது.

நம் பக்கத்து நொய்டாவிலேயே 2022-இல் நாய், பூனை இரண்டுக்கும் பதிவு கட்டாயம் என்று அறிவித்தார்கள். ஆகவே சிரித்த நண்பருக்கும் இது தூரத்து விஷயம் அல்ல.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். விசா வந்ததும் பூனையை வாட்ச்மேனிடம் விட்டு, ஐந்நூறு ரூபாயைக் கையில் திணித்துவிட்டுக் கிளம்பும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டிப்போக முடியாதவர்கள் முன்கூட்டியே நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்கட்டும், அதில் தப்பில்லை. கடைசி வாரத்தில் யோசிப்பதுதான் தப்பு. ஏனென்றால் கூட்டிப்போவதும் கடைசி வாரத்தில் நடக்கிற காரியம் அல்ல.

முதலில் சிப். அதற்குப் பிறகுதான் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் சேராது. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து அங்கீகாரம் பெற்ற பரிசோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும். அந்த ரத்தம் தேறினால், எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இந்த ஒழுங்கு தவறினால் அங்கே நாலு மாதம் வரை தனிக் காவல், அல்லது வந்த வழியே திருப்பி அனுப்புதல். 2011 முடியும் வரை இந்தியாவிலிருந்து போகும் பூனைக்கு ஆறு மாதக் காவல் என்றிருந்ததை நினைத்தால் இது எவ்வளவோ மேல். தில்லியில் கபஷேராவில் இருக்கும் மத்திய அரசின் விலங்குத் தனிமைக் காப்பு நிலையத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது, சரக்காகத்தான் போகும்.

செப்டம்பரில் படிப்புக்கோ வேலைக்கோ பிரிட்டன் கிளம்பும் பிள்ளைகள் வீட்டில் பூனை இருந்தால், ஏப்ரல் முதல் வாரத்திலேயே சிப் போட்டுவிடச் சொல்லுங்கள். அந்த 15 இலக்கத்தை பாஸ்போர்ட் நகலோடு ஒரு காகிதத்தில் எழுதி நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். போய் இறங்கிய வாரமே அங்கத்திய பதிவேட்டில் ஏற்றியாயிற்றா என்று டெலிபோனில் ஒரு வார்த்தை கேளுங்கள். வீடு மாறினார்கள் என்று தெரிந்தால் மறுபடியும் கேளுங்கள்.